பழைய மோட்டார் வண்டியின் முறைக்காய்ச்சல்



யாழ்ப்பாணத்து வீதிகளிலே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளைக் கண்டு வெளியூரிலிருந்து வருவோர் வியப்பதுண்டு. 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது மொறிஸ் மைனர். அதனை வகுத்தமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். என்னிடம் இருப்பது 1958ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வண்டி. அது என்னைவிட வயதில் மூத்தது. என் தந்தையார் ஓட்டியது; அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. வயது முதிர்ந்தவர்களுக்கு உரிய மரியாதையோடு அதை நடத்திவந்தேன் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒருநாட் காலை உணர்ந்தேன்.

அன்று முதலாம் பாடவேளை முடியுமுன்னரே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தொய்வு கடுமையாயிற்று. மூச்சு விட முடியாமல் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மருந்தோ வீட்டில் இருந்தது. ஆசிரியர் இருவர் அவனைத் தாங்கிவந்து என் வண்டியில் ஏற்றினர். நான் திறப்பைத் திருப்பி, ஸ்ராட்டர்க் குமிழை இழுத்தேன். எஞ்சின் நன்றாகச் சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் இழுத்தேன், மீண்டும் அதே கதை. பின் ஆசனத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையின் மூச்சொலி இன்றும் என் காதில் இருக்கிறது. நல்வினைப் பயனாக வீதியிலே ஒரு முச்சக்கர வண்டி வந்தது. அதில் அவனை வைத்தியசாலைக்கு அனுப்பினோம், பிள்ளை பிழைத்தான். அவர்கள் சென்று கால் மணி நேரம் கழிந்தபின், ஒன்றும் நடவாதது போல என் வண்டி முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது.

இவ்வாறு என்றோ ஒருநாள் இயங்க மறுக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. நானும் சும்மா இருந்தேனல்லேன். பற்றரியை மாற்றினேன். பின்னர் கொயிலை மாற்றினேன். ஒரு கராச்சிலே காட்டியபோது, ஸ்ராட்டரையும் மாற்றவேண்டும் என்றார்கள். ஆனால் அங்கே நின்ற ஒரு பகல் முழுவதும் அது ஒருமுறையேனும் மறுக்கவில்லை. எங்கள் அயலிலே, தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “மாஸ்ரர், இது முறைக்காய்ச்சல். காய்ச்சல் விட்ட நேரத்திலை ஆளைக் கொண்டுபோய் டாக்குத்தருக்குக் காட்டினால் அவர் என்னத்தைப் பிடிக்கிறது?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே இன்றைய என் பேச்சு. எப்பொழுதும் இயங்காத வண்டியின் குற்றத்தைக் காண்பது எளிது. சில வேளை இயங்கி, சில வேளை மறுக்கும் வண்டியே நம்மை ஏமாற்றுவது. அதனிடம் எதைச் செய்தாலும் சிறிது நேரத்தில் அது தானே குணமாகிவிடும். நாம் செய்ததே மருந்து என்று நம்பிவிடுவோம். நான் புதுப் பற்றரி பூட்டிய மறுநாளிலிருந்து மூன்று கிழமை வண்டி பிழையின்றி ஓடிற்று. அந்த மூன்று கிழமையும் நான் பற்றரியின் புகழைப் பாடினேன்.

இனிக் காரியத்திற்கு வருவோம். பெற்றோல் எஞ்சின் ஒன்று இயங்கத் தொடங்குவதற்கு வேண்டுவன நான்கு. முதலாவது, அது போதிய வேகத்திற் சுழற்றப்படவேண்டும். இரண்டாவது, பெற்றோல் ஆவியும் காற்றும் தக்க அளவிற் கலந்து உருளைகளுட் செல்லவேண்டும். மூன்றாவது, அந்தக் கலவை நன்கு அழுத்தப்படவேண்டும். நான்காவது, சரியான கணத்தில் தீப்பொறி தோன்றவேண்டும். இவற்றுள் அழுத்தம் என்பது ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமற்போவது அரிது; அது தேய்ந்து தேய்ந்தே குறையும். எனவே விட்டு விட்டு வரும் பிணிக்கு மற்றை மூன்றையே முதலில் ஐயுறவேண்டும்.

1990ஆம் ஆண்டிற்குப் பின்னர்க் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலத்தை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்தில் இப்பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிலே சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினைப் பற்றச்செய்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, சூடேறியபின்னரே எரியத்தக்கதாகும். எரிபொருள் வந்தாற் போதாது, அது ஆவியாகவும் வேண்டும் என்னும் பாடத்தை எங்கள் ஊர்ச் சிறுவர்கள் புத்தகத்திலன்றி வீதியிலேயே கற்றார்கள்.

வண்டி மறுக்கும்போது நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: எஞ்சின் சுழல்கின்றதா, இல்லையா? இக்கேள்வி வழியை இரண்டாகப் பிரித்துவிடும். சுழலவில்லையாயின் குற்றம் பற்றரி, அதன் இணைப்புகள், ஆளி, ஸ்ராட்டர் என்னும் பகுதியில் உள்ளது. நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையாயின் அப்பகுதியை விட்டு, தீப்பொறியையும் பெற்றோலையுமே ஆராயவேண்டும். இந்த ஒரு கேள்வியை நான் முறையாகக் கேட்டிருந்தால் பற்றரிக்குச் செலவிட்ட பணம் மிஞ்சியிருக்கும். என் வண்டி மறுத்த ஒவ்வொரு முறையும் எஞ்சின் வேகமாகவே சுழன்றது. சுழற்றும் வலிமையுள்ள பற்றரியை நான் நோயாளி என்று தள்ளிவிட்டேன்.

சுழலாத வண்டிக்குச் செய்யும் சோதனை எளியது. முன்விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்ராட்டரை இயக்குக. விளக்குகள் மிகவும் மங்கினால், ஒன்றில் பற்றரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகளில் களிம்பு படிந்திருக்கிறது, அல்லது ஸ்ராட்டர் சிக்கிக்கொண்டிருக்கிறது. விளக்குகள் சற்றும் மங்காமல் ஒளிர்ந்தால் மின்னோட்டம் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை என்பது பொருள். ஆளியையும் அதன் கம்பிகளையும் பார்க்கவேண்டும். ஸ்ராட்டர் மட்டும் இரைந்து சுற்ற, எஞ்சின் அசையாதிருக்குமாயின் அதன் சிறு பற்சக்கரம் அழுக்கேறி முன் நகராமல் நிற்கிறது. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ற்றுப் பற்றரி ஓய்விலே ஏறத்தாழ 12.6 வோல்ற்றைக் காட்டும்.

இங்கே பலர் மறக்கும் ஓர் உறுப்பு உண்டு. எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், வண்டியின் உடலோடு அதனை இணைக்க ஒரு தடித்த பின்னற் கம்பி உண்டு. மின்னோட்டம் திரும்பிச்செல்லும் வழி அதுவே. அதன் திருகாணி துருப்பிடித்தால் அல்லது தளர்ந்தால், ஒருநாள் தொடும், ஒருநாள் தொடாது. புதுப் பற்றரி, புது ஸ்ராட்டர் எதுவும் அதற்கு மருந்தாகா. இன்னுமோர் எச்சரிக்கை: அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளில் எதிர்முனை அவ்வாறு இணைக்கப்படுகிறது. வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்குமுன், எந்த முனை எங்கே இணைந்துள்ளது என்பதைக் கண்ணாற் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

எஞ்சின் சுழன்றும் பற்றாவிடின் இரண்டாவது கேள்வி எழுகின்றது: இல்லாதது தீப்பொறியா, பெற்றோலா? மொறிஸ் மைனரின் பெற்றோற் பம்பி மின்சாரத்தால் இயங்குவது. அது பொனற்றின் கீழே பின்சுவரிற் பொருத்தப்பட்டுள்ளது. திறப்பைத் திருப்பியதும் ‘டக், டக்’ என ஒலித்து, காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியபின் அடங்கும். ஒலியே இல்லையாயின் அதன் தொடுமுனைகள் அழுக்கேறியிருக்கலாம். மெல்லத் தட்டியதும் அது உயிர்பெறுமாயின் ஐயம் உறுதியாகும். ஓயாது விரைந்து ஒலிக்குமாயின் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்றை இழுக்கிறது.

தீப்பொறியைப் பார்க்க, மிகையான ஒரு பிளக்கை வைத்திருத்தல் நன்று. எஞ்சினின் பிளக் ஒன்றிலிருந்து வயரைக் கழற்றி, அதை இந்தப் பிளக்கிற் பூட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினிற் படும்படி வைத்து, மற்றொருவரைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றுக. நீல நிறப் பொறி பாயவேண்டும். கியர் நடுநிலையிலும் கைத்தடை இழுத்தபடியும் இருக்கவேண்டும். அந்த வயரிற் பாய்வது பல்லாயிரம் வோல்ற்று ஆகையாற் கையால் தொடலாகாது. அருகே பெற்றோல் சிந்தியிருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

இச்சோதனைகள் யாவும் காய்ச்சல் இருக்கும்போது செய்யப்படவேண்டியவை. வண்டி மறுத்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களே நம் பரிசோதனைக் காலம். நாமோ அந்நேரத்திற் பதற்றத்தோடு குமிழை இழுத்து இழுத்துப் பற்றரியைக் களைப்பிக்கிறோம். பற்றியதும் மகிழ்ந்து ஓட்டிச்செல்கிறோம், சான்று அழிந்துவிடுகிறது.

மாணவனை ஏற்ற முடியாமற்போன அன்று மாலை, நான் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்துக் கோடிட்டேன். நாள், நேரம், வானிலை, எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாயிருந்ததா, சுழன்றதா, பம்பி ஒலித்ததா, பொறி பாய்ந்ததா, இறுதியாக, பற்றிக்கொள்ளுமுன் நான் செய்தது என்ன என்பவற்றிற்கு ஒவ்வொரு நிரல் வகுத்தேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு எந்திரக் கல்வி இல்லை. வரவு இடாப்பு எழுதத் தெரியும். அதையே பயன்படுத்தினேன். ஆறு கிழமைகளிற் பதினொரு முறை வண்டி மறுத்தது. பதினொரு முறையும் எஞ்சின் சுழன்றது, பம்பி ஒலித்தது. பொறியைப் பார்க்க வாய்த்த நான்கு முறையும் பொறி இல்லை. ஆகவே குற்றம் எங்குள்ளது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

பொறி பிறக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரம் கொயிலின் ஊடாகச் சென்று, டிஸ்ரிபியூற்றருள் இருக்கும் பொயின்ற் என்னும் இரு தொடுமுனைகள் வழியாக எஞ்சினின் உடலை அடைகிறது. சுழலும் தண்டு அத்தொடுமுனைகளைத் திறக்கும் கணத்தில் ஓட்டம் அறுபட, கொயிலில் உயர் அழுத்த மின்சாரம் பிறந்து பிளக்கிற் பாய்கிறது. தொடுமுனைகள் கருகாமலும், ஓட்டம் சட்டென அறுபடவும் உதவுவது கொண்டென்சர் என்னும் சிறு உறுப்பு. என் வண்டியிலே தொடுமுனைகள் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.015 அங்குலமாகவும், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமாகவும் இருத்தல் வேண்டும்.

மறுக்கும் காலமும் ஒரு குறிப்புத் தரும். மழைக்கால அதிகாலையில் மட்டும் மறுத்தால், டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் வயர்களிலும் படிந்த ஈரத்தையோ, மூடியிலுள்ள மயிரிழை வெடிப்பையோ தேடவேண்டும். குளிர்ந்தபோது மட்டும் மறுத்தால், சோக் முழுதும் இழுபடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறிய வண்டி, நிறுத்திச் சிறிது நேரத்தின் பின் மறுத்து, ஆறியபின் பற்றினால், மூன்று ஐயங்கள் எழும்: சூட்டிற் பழுதுபடும் கொண்டென்சர், அவ்வாறே பழுதுபடும் கொயில், குழாயில் ஆவியாகி வழியை அடைக்கும் பெற்றோல். பொறி உண்டா இல்லையா என்பது மூன்றாவதை முதலிரண்டிலிருந்து பிரித்துவிடும்.

என் கொப்பியிற் பதினொன்றில் ஒன்பது முறை எஞ்சின் சூடாயிருந்தது. எனவே கொண்டென்சரே குற்றவாளி என்று தீர்ப்பெழுத நான் ஆயத்தமானேன். ஆனால் மற்றை இரண்டு முறை எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. அவ்விரண்டையும் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் விழைந்தது. முதிய மெக்கானிக்கோ கொப்பியை வாங்கி, இறுதி நிரலையே பார்த்தார். அதில் ஏழு இடங்களில், “டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து துடைத்தேன், பற்றிக்கொண்டது” என்று எழுதியிருந்தேன். நான் ஈரத்தை ஐயுற்றுத் துடைத்தேன். அவர், “துடைச்சதாலை வந்ததோ, கை பட்டதாலை வந்ததோ?” என்று கேட்டார். வேறிரண்டு நாட்களில், சந்தியில் நின்றபோது எஞ்சின் தானே அணைந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, சந்தையிலிருந்து திரும்பி முற்றத்தில் நிறுத்திய வண்டி மீண்டும் மறுத்தது. இம்முறை நான் எதையும் தொடவில்லை, அவரை அழைத்தேன். அவர் ஒரு 12 வோல்ற்று மின்குமிழுடன் இரண்டு வயர்களை இணைத்துக்கொண்டு வந்தார். ஒரு வயரை, கொயிலில் டிஸ்ரிபியூற்றரை நோக்கிச் செல்லும் முனையிலும், மற்றதை எஞ்சினின் உலோகத்திலும் தொடுத்தார். இதன் தத்துவம் எளியது. தொடுமுனைகள் மூடியிருக்கும்போது மின்சாரம் அவ்வழியே சென்றுவிடும், விளக்கு எரியாது. திறந்திருக்கும்போது விளக்கு எரியும். ஆகவே எஞ்சின் சுழலும்போது விளக்கு கண்சிமிட்டவேண்டும். ஒருபொழுதும் எரியாவிடில் மின்சாரம் கொயிலின் வழியே வந்துசேரவில்லை, அல்லது தொடுமுனைகள் திறக்கவில்லை, அல்லது இடையில் வயர் எங்கோ உலோகத்திற் படுகிறது. அணையாமலே எரிந்தால், மின்சாரம் வந்தும், தொடுமுனைகளின் வழியே செல்ல முடியாமல் நிற்கிறது.

எங்கள் விளக்கு அணையாமலே எரிந்தது.

பின்னர் அவர் டிஸ்ரிபியூற்றரின் வெளிமுனையை ஒரு துண்டு வயரால் எஞ்சினின் உலோகத்தோடு இணைத்தார், விளக்கு அணைந்தது. கொயிலிலிருந்து அதுவரை வழி சரி என்பது புலனாயிற்று. மூடியைத் திறந்து பார்த்தோம். தொடுமுனைகள் மூடி, தூய்மையாக இருந்தன. எஞ்சியிருந்தது ஒன்றுதான்: வெளிமுனையிலிருந்து தொடுமுனைக்குச் செல்லும், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு மெல்லிய வயர். ஈர்க்கு ஒன்றினால் அவர் அதை மெல்ல அசைத்தார். விளக்கு அணைந்தது, எரிந்தது, மீண்டும் அணைந்தது. வயரின் மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே செப்பு இழைகள் முற்றாக அறுந்திருந்தன. அறுந்த முனைகள் ஒன்றையொன்று சில வேளை தொட்டன, சில வேளை தொடவில்லை.

அவர் விளக்கியபோது கொப்பியின் ஒவ்வொரு வரியும் பொருள்பெற்றது. டிஸ்ரிபியூற்றருள் தொடுமுனைகளைத் தாங்கும் தட்டு அசையாததன்று. பாதையில் ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சல் அதைச் சற்றே இழுத்துத் திருப்பும். அந்நிலையில் அறுந்த இழைகள் தொட்டன. நிறுத்தும்போது தட்டு தன் இடத்திற்குத் திரும்பும். அப்பொழுது இழைகள் விலகின. சூட்டில் மேலுறை நெகிழ, விலகுவது எளிதாயிற்று. மூடியைத் திறந்து துடைத்த என் விரல்களே அவற்றை மீண்டும் சேர்த்துவைத்தன. அந்தச் சிறு வயரின் விலை, நான் வாங்கிய பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் பேசத்தக்கதன்று. அதை மாற்றிய நாள்முதல் வண்டி ஒருமுறையேனும் மறுக்கவில்லை. எனினும் கொப்பி இன்னும் வண்டியில் இருக்கிறது.

நேயர்களே, இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கொப்பி எனக்கு இன்னொரு காரியத்தையும் செய்தது. தொய்வுகொண்ட அம்மாணவன் அடிக்கடி பாடசாலைக்கு வராதவன். வந்த நாட்களில் நன்றாகவே படிப்பான். அதனால் அவன் வராமையைச் சோம்பல் என்று நாங்கள் முடிவுசெய்திருந்தோம். நானே அவனை இருமுறை கண்டித்திருக்கிறேன். வண்டி குணமான கிழமையில் அவ்வகுப்பின் வரவு இடாப்பை எடுத்து, அவன் வராத நாட்களை மட்டும் வேறொரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவற்றுட் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமைகள். வியாழக்கிழமை பிற்பகலிலேதான் எங்கள் மாணவர் வகுப்பறைகளைக் கூட்டித் துப்புரவு செய்வது வழக்கம். வைத்தியரிடம் கேட்டபோது, தூசி தொய்வைத் தூண்டும் என்றார். அவன் தாயோ, வியாழன் இரவுகளில் பிள்ளை உறங்குவதில்லை என்றாள். அதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லையே, ஐயா” என்றாள்.

இப்பொழுது வியாழக்கிழமைகளில் அவன் நூலகத்திற் புத்தகங்களை இடாப்பிற் பதியும் வேலையைச் செய்கிறான். வகுப்பறைகளில் நீர் தெளித்தே கூட்டுகிறோம். அவன் மருந்தில் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இவ்வாண்டு அவன் வராத வெள்ளிக்கிழமைகள் இரண்டே இரண்டு.